வளர்ந்த முடியை இழக்காமல் வைத்திருக்க: புதிதாகத் தொடங்குவோருக்கு

"எனக்கு முடி வளருதே இல்லை" என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில், வளர்கிறது என்பதுதான். நரைக்குச் சாயம் பூசும் யாரையும் கேட்டுப் பாருங்கள். மாதம் திரும்புவதற்குள் அடியில் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். மாதத்துக்கு 1 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, வருடத்துக்கு 12 முதல் 15 சென்ரிமீற்றர் என்பது பொதுவான வளர்ச்சி. அப்படியிருந்தும் மூன்று வருடமாக முடி தோளைத் தாண்டவில்லை என்றால், மேலே வளர்ந்த அளவு கீழே உடைந்து போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு எண்ணெயாக மாற்றி மாற்றி வாங்குவதால் இது தீராது. எண்ணெயை நாங்கள் வேரில் தேய்க்கிறோம், இழப்போ நுனியில் நடக்கிறது.

இடுப்புவரை முடி உள்ள ஒருவரின் நுனி ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு முன்னர் முளைத்தது. அது ஐந்து வருட வெயிலும், சோளகக் காற்றும், உவர்த் தண்ணீரும், ஆயிரக்கணக்கான தடவை சீப்பும் பட்ட முடி. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை, அதனால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. வெடித்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் மருந்தும் கிடையாது. எனவே நாங்கள் செய்யக்கூடியது இரண்டு. முடியில் கை வைக்கும் தடவைகளைக் குறைக்க வேண்டும். நுனியை உள்ளே மடித்து, காற்றும் உராய்வும் படாமல் வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். மிக நெருக்கமாகச் சுருண்ட அவர்களது முடி, ஒவ்வொரு சுருள் வளைவிலும் இலகுவில் உடையக்கூடியது. அதனால் தலையோடு ஒட்டிய வரிப்பின்னல், தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் சிறு சிறு பெட்டிப் பின்னல், இரட்டை முறுக்கு என்று வாரக்கணக்கில் அவிழ்க்காமல் வைத்திருக்கும் பாதுகாப்பு அலங்காரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். அந்த முடியை அப்படியே வைத்திருப்பதற்காக வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019இல் கலிபோர்னியாவில் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களிடமிருந்து நாங்கள் எடுக்க வேண்டியது கொள்கையை. பின்னல் வகையை அப்படியே எடுத்தால் எங்களில் பலருக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் அதிகம் காண்பது நேரான முடி, அலை முடி, தளர்ந்த சுருள் முடி. இவற்றில் பெட்டிப் பின்னல் போட்டால் வழுக்கி இறங்கும். இறங்காமல் இருக்க இறுக்குவார்கள், இறுக்கினால் வேர் போய்விடும். ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பிள்ளைகள் ஆசைக்குப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து இங்கே செய்விக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

எதையும் மாற்றுவதற்கு முன்னர், ஒரு கிழமைக்குச் சீப்பில் வரும் முடியை எறியாமல் ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழு நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது காலம் முடிந்து உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். குமிழ் இல்லாமல் கட்டை கட்டையாக, 3 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றர் என்று கிடந்தால் அவை உடைந்தவை. துண்டுகள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படும். எல்லாமே குமிழோடு, கைநிறைய வருகிறதென்றால் அது வேறு பிரச்சினை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரும் முழுக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. குளிக்கும் சவர்க்காரத்தைத் தலைக்கும் போட்டால் சவர்க்காரமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். முழுகிக் காய்ந்த பிறகும் முடி சொரசொரப்பாக, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். சிக்கு விழுவதும், அதை இழுத்து எடுக்கப்போய் உடைவதும் அங்கேயே தொடங்குகிறது.

எனவே தலைக்குச் சவர்க்காரம் வேண்டாம். ஷாம்பு போதும், அதையும் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் சரி. வழிந்து இறங்கும் நுரையே நுனியைக் கழுவிவிடும். முழு முடியையும் உச்சியில் குவித்து வைத்துத் துணி துவைப்பதுபோலக் கசக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசித் தண்ணீருக்கு ஒரு லீற்றரில் ஒரு தேசிக்காய் பிழிந்து, வடித்து, தோளிலிருந்து கீழ்ப்பக்கம் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் அலசுங்கள். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், அந்தச் சாறோடு வெயிலில் நிற்கவும் வேண்டாம், தோல் கறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் கூரைத் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடு என்றால் அந்த மழைத்தண்ணீரே போதும். அதற்கு ஈடான அலசல் கிடையாது.

சியக்காய், அரப்பு பாவிப்பவர்கள் தூளாகப் போடாமல் அவித்து வடித்த தண்ணீராகப் பாவியுங்கள். தூள் முடிக்குள் சிக்கிக்கொண்டு சீப்பில் உரசும். செவ்வரத்தை இலையைக் கசக்கி எடுக்கும் வழுவழுப்பான சாறு சிக்கெடுக்க மிக நல்லது, கொண்டிஷனர் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு இதுவே தாராளம்.

முழுகுவதற்கு முன்னர் தேங்காய் எண்ணெய். இது பாட்டி சொன்னதற்காக மட்டும் இல்லை. 2003இல் வெளியான ஆய்வொன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியிலிருந்து புரதம் கழுவப்பட்டுப் போவதைக் குறைத்தது. அதன் லோரிக் அமிலம் சிறியது, நேரானது, முடியின் உள்ளே போகக்கூடியது. நல்லெண்ணெயை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சனிக்கிழமை முழுக்கின் சுகமே தனி. ஆனால் நுனிக்கு என்று கேட்டால் தேங்காய் எண்ணெய்தான். முழுகும் நாளுக்கு முதல்நாள் இரவு, காதுக்குக் கீழே உள்ள முடியில் மெல்லியதாகத் தடவிப் பின்னிவிட்டுப் படுங்கள். எண்ணெய் சொட்ட வேண்டியதில்லை.

கீரிமலையிலோ கசூரினாக் கடற்கரையிலோ கடலில் குளிக்கப் போகிறீர்களா? இறங்குவதற்கு முன்னர் தலையை நல்ல தண்ணீரால் நனைத்து, எண்ணெய் தடவி, பின்னிக்கொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

ஈரமும் துவாயும் சிக்கும்

முடியின் மேற்பரப்பு கிடுகு வேய்ந்த கூரைபோல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழ்நோக்கி அடுக்கிய மெல்லிய செதில்களால் ஆனது. ஈரத்தில் முடி ஊதும், அந்த அடுக்கு கொஞ்சம் கிளம்பும், முடி இழுபடும், பலமும் குறையும். இதனால்தான் முழுகிய கையோடு துவாயைத் தலையில் சுற்றி முறுக்கி முடிச்சுப் போடுவது கூடாது. தடித்த துவாயால் தேய்ப்பது அதைவிட மோசம். பழைய பருத்திச் சேலைத் துண்டோ சாரமோ எடுத்து, முடியை மேலிருந்து கீழாகப் பிடித்துப் பிடித்து ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு நிழலில், காற்றுப்படும் இடத்தில் உலர விடுங்கள். கிணற்றடியில் நடு வெயிலில் நின்று உலர்த்தினால் நுனி செம்பட்டையாகும். அந்த நிறமே வெயில் முடியைக் கெடுத்ததற்கு அடையாளம். சரி, வேலைக்குப் போகும் அவசரத்தில் என்ன செய்வது? காலையில் முழுகாமல் முதல்நாள் பின்னேரம் முழுகுங்கள், அல்லது முழுக்கை விடுமுறை நாளுக்குத் தள்ளுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு போவது முடிக்கும் கூடாது, தலைத்தோலுக்கும் கூடாது. பொடுகு உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும்.

சிக்கு எடுப்பதில்தான் நீளத்தின் பெரும்பகுதி போகிறது, ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள். நேரான முடி என்றால் முக்கால்வாசி உலர்ந்த பிறகு சீப்பைத் தொடுங்கள். சுருள் முடி என்றால் மறுவளம்: ஈரமாக இருக்கும்போதே, கொண்டிஷனரோ செவ்வரத்தைச் சாறோ உள்ள நிலையில் எடுக்க வேண்டும், காய்ந்த பிறகு தொடக்கூடாது.

முடியை நான்காகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். நாலாவதை ஒரு கையால் நடுவில் இறுகப் பிடியுங்கள். இழுவை அந்தக் கையோடு நிற்க வேண்டும், வேருக்குப் போகக்கூடாது. முதலில் விரல். முடிச்சு எங்கே என்று விரலுக்குத் தெரியும், சீப்புக்குத் தெரியாது. முடிச்சு அகப்பட்டால் அதைக் கீழே இழுக்காமல், இரண்டு விரலால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். அதில் சிக்கியிருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே உதிர்ந்த இரண்டு மூன்று முடி, அவை மெல்லக் கழன்று கையோடு வரும். அப்புறம் அகன்ற பல் சீப்பை நுனியிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே வைத்து இறக்குங்கள். அது தடையில்லாமல் இறங்கினால் இன்னும் 5 சென்ரிமீற்றர் மேலே. இப்படியே வேர்வரை போங்கள். உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுவையாக இழுத்தால் வழியிலுள்ள சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாக இறுகி, அந்த இடத்தில் முடி அறும். அந்த "டிக் டிக்" சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இப்படி முழுதாகச் சிக்கெடுப்பது கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். மற்ற நாட்களில் முன்பக்கத்தை மட்டும் கையால் நீவிவிட்டால் ஒழுங்காகத்தான் தெரியும். இரவு நூறு தடவை வாரினால் முடி வளரும் என்று சொல்வார்கள், அதை நம்பவேண்டாம்.

நான்கு கட்டுகள்

*தளர்ந்த ஒற்றைப் பின்னல், நுனி மடித்தது.* தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது. பிடரிக்குக் கீழே தொடங்குங்கள். முதல் மூன்று திருப்பும் தளர்வாக வரவேண்டும், பின்னலை இறுக்கலாம் என்றால் நடுவுக்குக் கீழேதான். நுனியில் ஒரு சாண் இருக்கும்போது பின்னுவதை நிறுத்தி, மிச்சத்தை மேலே மடித்து, துணி சுற்றிய வளையத்தால் கட்டுங்கள். வெறும் றப்பர் பாண்ட் எந்த நாளும் வேண்டாம், கழற்றும்போது முடியோடுதான் வரும். கட்டிய பிறகு புருவத்தை உயர்த்தியும் தலையைக் குனிந்தும் பாருங்கள். நெற்றியோரத் தோல் இழுபட்டால் இறுக்கம் கூடிவிட்டது, அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். நேரான முடியில் இரண்டு மூன்று நாள் நிற்கும்.

*குச்சிக் கொண்டை.* எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான், ஏனென்றால் வளையமே தேவையில்லை. முடியைப் பிடரியில் சேர்த்துப் பிடித்து, ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு போங்கள். ஓரளவுக்கு மேல் அது தானாகச் சுருண்டு வட்டமாகும். அந்த வட்டத்தைச் சுற்றி மிச்சத்தைச் சுற்றி, நுனியை அடியில் செருகுங்கள். இப்போது வழுவழுப்பான மரக்குச்சி ஒன்றைக் கொண்டையின் விளிம்பில் குத்தி, தலையோடு ஒட்டிய கொஞ்ச முடியையும் அதில் அள்ளி, குச்சியை மறுபக்கம் திருப்பி, கொண்டைக்கு அடியால் தலையோரமாகத் தள்ளி மற்ற விளிம்பில் வெளியே எடுங்கள். குச்சியைத் திருப்பும் அந்த இடத்தில்தான் பிடி விழுகிறது. முதல் சில நாள் வழுக்கும், பிறகு கை பழகிவிடும். வாங்கும் குச்சியில் சிராம்பு இருக்கிறதா என்று ஒரு நைலோன் துணியில் உரசிப் பாருங்கள். துணியில் நூல் கிளம்பினால் முடியும் கிளம்பும்.

*இரட்டை முறுக்கு.* சுருள் முடிக்காரருக்கு. ஈரப்பதமாக, கொஞ்சம் கற்றாழை தடவி, முடியை ஆறு எட்டுப் பகுதியாக்குங்கள். ஒவ்வொரு பகுதியையும் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வலப்பக்கம் முறுக்கியபடியே ஒன்றையொன்று இடப்பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்த்திசை என்பதால் அவிழாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டையாக்கினால் வெளியே போகவும் அழகு. ஐந்து முதல் ஏழு நாள் வரை விடலாம்.

*தலைசுற்றிப் பின்னல்.* காதுக்குப் பின்னால் இரண்டு பின்னல், ஒன்றை மற்றதற்கு எதிராக உச்சிக்கு மேலால் கொண்டுபோய் ஊசி குத்துவது. இடுப்பளவு முடி உள்ளவர்களுக்கு வெயில் காலத்தில் பெரிய ஆறுதல். ஊசியின் முனையில் பிளாஸ்டிக் குமிழ் இருக்க வேண்டும். குமிழ் விழுந்த ஊசியை எறிந்துவிடுங்கள்.

எந்தக் கட்டையும் கிழமைக் கணக்கில் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இன்று பிடரியில் என்றால் நாளை நடுவில். உச்சி பிரிக்கும் கோட்டையும் அடிக்கடி ஓரிரு சென்ரிமீற்றர் நகர்த்துங்கள். எப்போதும் ஒரே நடு உச்சி எடுப்பவர்களுக்கு அந்தக் கோடு வரவர அகலும்.

பள்ளிப் பிள்ளைகளும் ஸ்கூட்டியும் கலியாணமும்

எங்கள் பெண் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிபன் கட்டிக்கொண்டு போகிறார்கள். நுனி மடிப்பதைப் பொறுத்தவரை அது மிகச் சிறந்த பாதுகாப்புக் கட்டு. கெடுப்பது இறுக்கம் மட்டும்தான். "பின்னேரம் வரைக்கும் குலையக்கூடாது" என்று அம்மாமார் காதுக்கு மேலே இழுத்துப் பின்னிவிடும்போது நெற்றியின் இரு ஓரத்திலும் முடி மெலிகிறது. கூந்தல் ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள், தொட்டால் நோ, அவிழ்த்ததும் "அப்பாடா" என்ற உணர்வு, இவை மூன்றும் எச்சரிக்கை. ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. பிள்ளை "நோகுது அம்மா" என்றால் அதை அடம் என்று எடுக்காதீர்கள். காதுக்குக் கீழே, பிடரிப் பக்கமாகத் தொடங்கிப் பின்னிவிடுங்கள், குலையும் சிறு முடியைக் கொஞ்சம் எண்ணெய் தொட்டு நீவினால் பாடசாலையிலும் பிரச்சினை வராது.

ஸ்கூட்டி ஓடுபவர்கள் ஹெல்மெற்றுக்குள் ஒரு மெல்லிய சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். கொண்டையைப் பிடரியில் மிகக் கீழே போட வேண்டும், மேலே போட்டால் ஹெல்மெற் ஒழுங்காக இறங்காது, அது உயிருக்கே ஆபத்து. வைகாசி தொடக்கம் சோளகம் அடிக்கும் மாதங்களில் முடியை விரித்துக்கொண்டு ஓடாதீர்கள். புழுதியும் காற்றும் சேர்ந்து போடும் முடிச்சை வீட்டுக்கு வந்து யாராலும் முழுதாக எடுக்க முடியாது.

கலியாணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ தலை அலங்காரம் செய்தால், அன்றிரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஸ்பிரே இறுகிய முடியில் காய்ந்தபடி சீப்பு வைக்காதீர்கள். முதலில் ஊசிகளை எல்லாம் எண்ணிக் கழற்றுங்கள், பிறகு தண்ணீர், பிறகு நிறையக் கொண்டிஷனர், பத்து நிமிடம் ஊறவிட்டு விரலால் அவிழுங்கள். சவுரி வைத்துப் பின்னும் நடனப் பிள்ளைகளுக்கு ஒத்திகைக்குப் பாரமில்லாத சவுரி போதும், முழுப் பாரமும் மேடைக்கு மட்டும்.

இரவுக்குச் சொல்ல அதிகம் இல்லை. புடைவைக் கடையில் சாட்டின் ஒரு மீற்றர் வாங்கித் தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள், தளர்ந்த பின்னலோடு படுங்கள்.

வெட்டுவதா, விடுவதா

நுனி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பது சரியல்ல, வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது. ஆனால் வெடித்த நுனியை விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறும், பக்கத்து முடியிலும் கொளுவி இழுக்கும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சென்ரிமீற்றர். அந்த நேரத்தில் நாலைந்து சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கும் என்பதால் கணக்கு உங்கள் பக்கம்தான். ஒரு மெல்லிய கற்றையை எடுத்து முறுக்கிப் பிடித்தால் வெடித்த நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அவற்றை மட்டும் வெட்டலாம். கூரான, முடிக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல் வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோல் நுனியை நசுக்கும், நசுங்கிய இடம் திரும்ப வெடிக்கும்.

தாளில் குமிழோடு கைநிறைய வந்தவர்களுக்கு இப்போது. டெங்குக் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை, திடீரென்று உடம்பு மெலிதல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டோ கொட்டென்று கொட்டும். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டாலோ, இரத்தச்சோகை, தைரொயிட் சந்தேகம் இருந்தாலோ, வட்டமாக மொட்டை விழுந்தாலோ தோல் வைத்தியரிடம் போங்கள். எந்தப் பின்னலும் அதற்கு மருந்தாகாது.

பலன் தெரிய அளந்து வைக்க வேண்டும். நெற்றி நடுவில் ஒரு கற்றையை எடுத்து நீட்டி, தையல் நாடாவால் வேரிலிருந்து நுனிவரை அளந்து திகதியோடு எழுதுங்கள். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆடிப்பிறப்பு, தீபாவளி என்று வைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்றாக வரும், மறக்கவும் மாட்டீர்கள். இரண்டு அளவுக்கும் இடையில் 3 சென்ரிமீற்றர் கூடியிருந்தால் வளர்ந்ததெல்லாம் உங்களிடமே இருக்கிறது. நுனி வெட்டியிருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள். ஒன்றோ ஒன்றரையோ என்றால் வெள்ளைத் தாளைத் திரும்ப எடுத்து, துண்டு முடிகளின் நீளத்தைப் பாருங்கள். எல்லாம் 2, 3 சென்ரிமீற்றர் என்றால் நுனி உடைகிறது: வெட்டு, எண்ணெய், தலையணை உறை. நீளமான துண்டுகள் என்றால் வளையம் கட்டும் இடத்திலோ ஹெல்மெற் உரசும் இடத்திலோ அறுகிறது, அந்த இடத்தை மாற்றுங்கள்.